திட்டுக் கிணற்றை இறைத்த நாள்

ஒரு கிணற்றை விதிப்படி இறைத்து, அடியைச் சுரண்டி, மருந்திட்டு, கிருமி எதுவும் மிஞ்சாதபடி சுத்தம் செய்து, அதன் விளைவாகவே அந்தத் தண்ணீரை ஒருவரும் குடிக்க முடியாமல் ஆக்கிவிட்டவனைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகன் என்று அழைக்கலாமா? பணியில் இருந்த காலத்தில் இந்தக் கேள்வியைப் பலமுறை எனக்குள் கேட்டிருக்கிறேன். ஓய்வுபெற்ற பின் இப்போதுதான் எழுத்தில் கேட்கிறேன்.

எழுதத் தூண்டியது ஒரு சிறு கையேடு. அனர்த்த காலங்களிலும் ஆளில்லாத இடங்களிலும் கருவி எதுவுமின்றிக் குடிநீரைத் தூய்மையாக்குவது எப்படி என்று எங்கள் சங்கத்தின் இளம் பரிசோதகர்கள் ஒரு வரைபு தயாரித்து, வட்ஸ்அப்பில் அனுப்பி, என் கருத்தைக் கேட்டிருந்தார்கள். தெளியவிடுவது, துணியால் வடிப்பது, கொதிக்கவைப்பது, போத்தலில் அடைத்து வெயிலில் கிடத்துவது எல்லாம் சரியாகவே சொல்லப்பட்டிருந்தன. படங்களும் அழகாக இருந்தன. ஆனால் அந்தக் கையேடு, தண்ணீர் ஏற்கெனவே பாத்திரத்தில் இருப்பதாக வைத்துக்கொண்டு தொடங்குகிறது. பாத்திரத்துக்கு வருமுன் அது எங்கே கிடந்தது, யார் அள்ளினார்கள், எதனால் அள்ளினார்கள் என்பது பற்றி ஒரு வரியும் இல்லை. எனக்கும் ஒரு காலத்தில் அந்த வரி தெரிந்திருக்கவில்லை.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானப் பட்டம், பிறகு தெற்கே பயிற்சி, பிறகு அடம்பன் பக்கம் முதல் நியமனம். வயலும் மாடும் குளமும் உள்ள பெருநிலப்பரப்பு அது. வெள்ளம் வடிந்த ஒவ்வொரு மாரியிலும் தண்ணீர் இறைக்கும் இயந்திரத்தை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு வீடு வீடாகப் போவோம். கிணற்றை அடி தெரிய இறைத்து, சேற்றை வழித்து, சுவரைத் தேய்த்து, குளோரின் தூள் கரைத்து ஊற்றுவோம். மறுநாள் காலையில் கிணறு கண்ணாடிபோல் ஊறி நிற்கும். வீட்டுக்காரர் இளநீர் வெட்டித் தருவார்கள். அந்த நாட்களை நினைத்தால் இன்றும் மனம் நிறைகிறது. ஈரக் களிமண் வாசமும், இயந்திரத்தின் இரைச்சலும், நாம் ஓர் ஊரையே நோயிலிருந்து காக்கிறோம் என்ற இளவயது நிச்சயமும் சேர்ந்த நினைவு அது. அந்த நிச்சயத்தையும் சுமந்துகொண்டுதான் நான் மன்னார்த் தீவுக்கு மாற்றலாகிப் போனேன்.

அங்கே எனக்கு மேலதிகாரியாக இருந்தவர் சுகாதார வைத்திய அதிகாரி டொக்டர் பத்மாவதி. மெலிந்த உருவம், உரத்துப் பேசி நான் கேட்டதில்லை. பரிசோதனைக்குப் போகும் இடத்தில் கோப்புகளைத் திறக்குமுன் ஒரு கோப்பை தண்ணீர் கேட்டு வாங்குவார். ஒரு மிடறு வாயில் வைத்துச் சுவை பார்ப்பார். பிறகே கதிரையில் அமர்வார். நாங்கள் எழுதிய அறிக்கையை எங்கள் முன்னாலேயே, ஏற்ற இறக்கம் எதுவுமின்றி, வானொலியில் செய்தி வாசிப்பதுபோல் வாசிப்பார். பெயரடை வரும் இடங்களில் பென்சில் நிற்கும்.

“‘சுத்தமான கிணறு’ எண்டு எழுதியிருக்கிறீர். ஆரின்ர கண்ணுக்குச் சுத்தம்?”

“பார்வைக்கு, டொக்டர்.”

“குடிச்சுப் பாத்தீரோ?”

இந்த இரண்டு கேள்விகளுக்கு அஞ்சியே எங்கள் அறிக்கைகள் ஆண்டுக்கு ஆண்டு சுருங்கின. அவர் திட்டியதில்லை. திட்டியிருந்தால் மறந்திருப்போம்.

மாசி மாதத்தில் ஒரு காலை. தீவின் தென்கரையில், தாழ்வுபாட்டிலிருந்து படகில் ஒரு மணித்தியாலத் தூரத்தில், கடலுக்குள் நீண்டு கிடக்கும் ஒரு மணல் திட்டிலிருந்து தொலைபேசி வந்தது. வடகரையில் வாடைக்காற்று வீசும் மாதங்களில் பேசாலை மீனவர் சிலர் அந்தத் திட்டுக்கு வந்து வாடி போடுவார்கள். பருவம் முடியும்வரை தங்கித் தொழில் செய்வதற்கான ஓலைக் குடிசைகள்தான் வாடி. அந்த ஆண்டு ஒன்பது குடும்பங்கள் இருந்தன. அழைத்தவர் அவர்களுடைய சம்மாட்டி, அதாவது படகுகளுக்கும் வலைகளுக்கும் உரியவர், அந்தோனிப்பிள்ளை. இரண்டு பேருக்கு வயிற்றோட்டம், எழும்ப ஏலாமல் கிடக்கிறார்கள் என்றார்.

குளோரின் தூள், மாதிரிப் போத்தல்கள், ஜீவனிப் பைக்கற்றுகள் ஆகியவற்றுடன் புறப்பட்டேன். வயிற்றோட்டத்தில் இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யக் கரைத்துக் கொடுக்கும் அந்தப் பொடியை எங்கள் பக்கத்தில் எவருக்கும் விளக்கத் தேவையில்லை. படகோட்டி வந்தவர் யேசுதாசன். அதே படகில் நோயாளர் இருவரையும் ஏற்றிக்கொண்டு அவர் தாழ்வுபாட்டுக்குத் திரும்பினார். மறுநாள் காலை என்னைக் கூட்டிப்போக வருவதாகச் சொன்னார்.

கிணறு என்று அவர்கள் காட்டியது மணலுக்குள் இறக்கிய, அடியில்லாத ஒரு தார்ப் பீப்பா. உள்ளே ஒரு சாண் தண்ணீர். அதில் செத்த நண்டு ஒன்று மிதந்தது. சுற்றிலும் கழுதை விட்டை. மன்னாரில் கழுதைகளுக்கு வேலி கிடையாது என்பது எல்லோருக்கும் தெரியும். நோய்க்கான காரணம் என் கண்முன்னால் கிடந்தது. அந்த அளவில் என் கணிப்பு பிழையானதல்ல.

அந்தக் கிணற்றில் ஒருவர் மட்டுமே அள்ளுவார்: யேசுதாசனின் மனைவி, வாடிக்குச் சமைக்கும் றெஜினா. பெரிய சிப்பி ஒன்றை நீண்ட கம்பில் கட்டிய அகப்பையால், பாலின் ஆடையை எடுப்பதுபோல் மேலாக வழித்து எடுப்பார். வாளி போட எவருக்கும் அனுமதி இல்லை. ஒரு குடம் நிறைய அரை மணித்தியாலம் ஆகும். இறைக்க வேண்டும் என்று நான் சொன்னதும் அவர் அகப்பையைக் கீழே வைக்கவில்லை.

“வேண்டாம் ஐயா. மேலால அள்ளினாத்தான் இது தரும். அடியில கை வைச்சா கோவிச்சுப்போடும்.”

“கிணறு கோவிக்குமோ, அக்கா?”

“ஓம். எங்கட மாமி இஞ்ச சமைச்ச காலத்தில ஒருக்காக் கோவிச்சது. அந்த வருசம் முழுக்க முகம் குடுக்கேல்ல.”

சம்மாட்டி சிரித்தார். “விடு பிள்ளை. கிணறு கோவிச்சா ஐயா கடிதம் போட்டுச் சமாளிப்பார். கவுண்மேந்து ஆளல்லோ.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் குறிப்பேட்டில், ‘மூடநம்பிக்கை காரணமாக மக்கள் ஒத்துழைக்கத் தயங்குகின்றனர்’ என்று எழுதினேன். பிறகு நான்கு இளைஞர்களைக் கொண்டு பீப்பாவை வாளியால் அடிவரை இறைப்பித்தேன். அத்துடன் நிறுத்தவில்லை. தண்ணீர் கூடுதலாக ஊறட்டும் என்று அடி மணலை இன்னும் ஒரு முழம் தோண்டுவித்தேன். அடம்பனில் நூறு கிணறுகளுக்குச் செய்த அதே வேலை. ஊறி வந்ததும், கொண்டுபோன குளோரின் தூள் முழுவதையும் கரைத்து ஊற்றினேன். பீப்பாவுக்கு மூடி போட்டு, கழுதைகளைத் துரத்தி, சுற்றிலும் முள் வேலி கட்டச் செய்தேன். மாலையில் பார்த்தபோது மூன்று சாண் தண்ணீர், தெளிந்து நின்றது. அன்று மிகுந்த திருப்தியுடன் படுத்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

மறுநாள் விடிந்தபோது காற்று மாறியிருந்தது. அந்த மாதத்தில் வீசக்கூடாத கச்சான், மேற்கிலிருந்து பிய்த்துக்கொண்டு அடித்தது. கடல் வெள்ளையாய்க் கிடந்தது. படகு வராது என்று கேட்காமலே தெரிந்தது. கால்நடையாய் வெளியேறுவதானால் திட்டு தீவோடு சேரும் இடத்தில் ஒரு ஓடையைக் கடக்க வேண்டும். சாதாரண நாளில் முழங்கால் அளவு. கச்சான் அடித்தால் கடல் உள்ளே ஏறி மார்பளவில் இழுத்துக்கொண்டு ஓடும்.

றெஜினாவின் மகள் டிலானிக்கு நான்கு வயது. விடிவதற்குள் ஆறு தடவை வெளிக்குப் போயிருந்தாள். நான் பார்த்தபோது கண்கள் உள்ளே போயிருந்தன. வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மடிப்பு உடனே விரியவில்லை. ஜீவனி கரைத்துக் கொடுக்கச் சொன்னேன்.

“குடுத்தனான் ஐயா. துப்பிறாள். கிணறு கோவிச்சிட்டுது.”

“அது குளோரின்ர மணம், அக்கா. ரெண்டு நாளில போயிடும்.”

“மணத்தை ஆர் சொன்னது? வாயில வைச்சுப் பாருங்கோ.”

கோப்பையை நீட்டினார். ஒரு மிடறு குடித்தேன். உவர். கடல் அளவுக்கு இல்லை. ஆனால் தாகத்துக்குக் குடித்தால் தாகம் கூடும் அளவுக்கு உவர்.

படித்த விஞ்ஞானம் அந்த ஒரு மிடறுடன்தான் எனக்கு விளங்கியது. மணல் திட்டில் ஊற்று கிடையாது. மாரியில் பெய்த மழை மணலுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் கடல் நீரின்மேல் மெல்லிய படலமாக மிதந்து நிற்கிறது. மேலாக வழித்தால் படலம் நிலைக்கும். வாளியால் அடிவரை இறைத்தால், அந்த வெற்றிடத்துக்குக் கீழிருந்து கடல் ஏறும். இதைப் பல்கலைக்கழகத்தில் படம் வரைந்து விளக்கி நல்ல புள்ளி வாங்கியவன் நான். ‘கோவிச்சுப்போடும்’ என்ற சொல்லுக்குள் அதே பாடம் இருந்தது. அதைக் கேட்டு நான் சிரித்திருந்தேன்.

மணல் மேட்டின் உச்சியில் மட்டும் தொலைபேசிச் சமிக்ஞை கிடைக்கும். ஏறி நின்று டொக்டரை அழைத்தேன். காற்றில் கத்தவேண்டியிருந்தது.

“தண்ணி உவராப் போச்சு, டொக்டர்.”

“முந்தியும் உவரோ?”

“இல்லை. நான் இறைச்ச பிறகு.”

“இறைக்க முதல் குடிச்சுப் பாத்தீரோ?”

“இல்லை, டொக்டர்.”

“சரி. அதைப் பிறகு கதைப்பம். அந்தத் தண்ணியில ஜீவனி கரைக்க வேண்டாம். உப்புக்கு மேல உப்பு. பிள்ளையின்ர உடம்பில மிச்சமிருக்கிற தண்ணியையும் அது இழுத்துப்போடும்.”

“கொதிக்க வைச்சா?”

“கொதிச்சா தண்ணிதான் ஆவியாப் போகும். உப்பு எங்க போகும்?” அவர் குரல் உயரவில்லை. “கடற்படையிட்ட படகு கேக்கிறன். காத்து அடங்காமல் வரமாட்டினம். அதுவரைக்கும் அந்தப் பிள்ளைக்கு நல்ல தண்ணி வேணும். உம்மட்ட என்ன இருக்கு?”

என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. வெற்றுத் தூள் டின்னும், கரைக்கத் தண்ணீரில்லாத ஜீவனிப் பைக்கற்றுகளும், பரிசோதனைக்கு அனுப்ப வழியில்லாத மாதிரிப் போத்தல்களும் இருந்தன.

“அப்ப அங்க இருக்கிற ஆக்களிட்டக் கேளும்,” என்று சொல்லி வைத்துவிட்டார்.

நான் இறங்கி வந்தபோது றெஜினா குழந்தையைச் சம்மாட்டியின் மடியில் கிடத்திவிட்டு, சிப்பி அகப்பையுடன் புறப்பட்டிருந்தார். பின்னால் ஓடினேன். திட்டின் நடுவில், உடைமரங்கள் நிற்கும் ஒரு பள்ளத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மணல் அங்கங்கே குளம்பால் கிளறப்பட்டிருந்தது.

“நேற்று நீங்கள் துரத்தினீங்களே, அவையள்தான்,” என்றார். “கிணத்தை மூடினதால இஞ்ச வந்து கிண்டியிருக்கினம். கழுதைக்கு உவர்த் தண்ணி பிடியாது ஐயா.”

கழுதைகள் கிளறிய குழியில் கலங்கல் நீர் கசிந்திருந்தது. பக்கத்தில் புது விட்டை. நல்ல தண்ணீர் இருக்கும் இடத்தை அவர் கண்டுபிடித்துவிட்டார். அதைப் பிள்ளைக்குக் கொடுக்கக்கூடியதாக ஆக்குவது என் பொறுப்பு. அன்று நாங்கள் செய்ததை வரிசை தவறாமல் சொல்கிறேன், ஏனென்றால் கையேட்டில் உள்ள ஒவ்வொரு படியும் இதில் இருக்கிறது.

விட்டை கிடந்த இடத்திலிருந்து முப்பது காலடி தூரம் விலகி, பள்ளத்தின் மேல் ஓரமாகப் புதுக் குழி தோண்டினோம். மணல் ஈரமாகி, விரல் அளவு நீர் கசிந்ததும், “போதும், கையை எடுங்கோ” என்றார் றெஜினா. என் கை இன்னும் தோண்டத் துடித்தது, எடுத்துவிட்டேன். முதலில் ஊறிய கலங்கலை வழித்து வீசினோம். தெளிந்து வருமட்டும் காத்திருந்தோம். இதுபோன்ற நேரத்தில் காத்திருப்பதுதான் மிகக் கடினம்; அங்கே ஒரு குழந்தையின் உதடு காய்ந்துகொண்டிருக்கிறது. பிறகு அவர் மேலாக வழித்து அள்ள, நான் ஒவ்வொரு அகப்பைக்கும் நாக்கில் ஒரு துளி வைத்துப் பார்த்தேன். நல்ல தண்ணீர்.

பல தடவை தோய்த்து நூல் தடித்த ஒரு பழைய பருத்திச் சேலையை எட்டாக மடித்துப் பானை வாயில் கட்டி, அதனூடாக வடித்தோம். புதுச் சேலையில் இழைகளுக்கிடையில் இடைவெளி அதிகம் என்பதால் பழையதே நல்லது. வடித்தது கண்ணுக்குத் தெரிவதைத்தான் நிறுத்தும். ஆகவே மூன்று கல் வைத்து, படகுப் பாயைக் காற்றுக்கு மறைப்பாகப் பிடித்து, உடைமர விறகில் கொதிக்க வைத்தோம். ஓரத்தில் குமிழி வருவதைக் கொதி என்று எண்ணிவிடக்கூடாது. பானை முழுவதும் புரண்டு கொதித்து, அப்படியே சில நிமிடம் நிற்க வேண்டும். மூடியபடியே ஈர மணலில் புதைத்து ஆறவிட்டோம். ஒரு லீற்றர் சோடாப் போத்தலைக் கொதிநீரால் அலசி, அதை அளவாக வைத்து, ஒரு பைக்கற் ஜீவனி கரைத்தேன்.

“குடிச்சுப் பாத்திட்டுத் தாங்கோ,” என்றார் றெஜினா. குடித்துக் காட்டினேன்.

ஒரு தேக்கரண்டி, பிறகு ஒரு நிமிடம், பிறகு ஒரு தேக்கரண்டி. முதல் மூன்றையும் டிலானி சத்தி எடுத்து வெளியே தள்ளினாள். பத்து நிமிடம் பொறுத்து மறுபடி தொடங்கினோம். வளர்ந்தவர்களுக்கு விறகு போதாது என்பதால், வடித்த தண்ணீரைத் தெளிந்த பிளாஸ்ரிக் போத்தல்களில் அடைத்துத் தகரத்தின்மேல் முழு வெயிலில் படுக்கவைத்தோம். காற்று அடித்தாலும் வானம் வெளித்திருந்தது. காலை முதல் பிற்பகல்வரை கிடந்ததையே குடிக்கக் கொடுத்தேன். “வெயிலில காயவைச்ச தண்ணி,” என்று இளைஞர்கள் கேலி செய்தார்கள். “கருவாடு மாதிரி உப்புப் போட்டுக் காயவைக்கேல்லயோ ஐயா?” உப்பு என்ற சொல் வந்ததும் சம்மாட்டி அவர்களை முறைத்தார்.

எனக்கு ஒரே ஒரு அடையாளம் தேவையாக இருந்தது. குழந்தை காலையிலிருந்து சிறுநீர் கழிக்கவில்லை. பொழுது மேற்கே சாய்ந்துகொண்டிருந்தபோது குடிசைக்குள்ளிருந்து றெஜினாவின் குரல் வாடி முழுவதும் கேட்டது.

“ஒண்டுக்குப் போயிட்டாள்! ஐயா, ஒண்டுக்குப் போயிட்டாள்! என்ர சீலை எல்லாம் நனைச்சுப்போட்டாள்!”

கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவர்கள் ஊசியோடு எழுந்து நின்று கைதட்டினார்கள். ஒரு குழந்தை சிறுநீர் கழித்ததற்குக் கைதட்டல் வாங்கிக்கொடுத்த உத்தியோகம் வேறு எது இருக்கிறது என்று பின்னாளில் எண்ணிச் சிரித்திருக்கிறேன். அப்போது நான் மணல் மேட்டின் மறுபக்கம் போய் நின்று அழுதேன்.

அடுத்த நாள் முற்பகலில் காற்று விழுந்தது. யேசுதாசன் படகில் வந்து மகளை ஏற்றிக்கொண்டார். ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தாள், எழுந்து நடந்தாள்.

இத்துடன் முடிந்திருந்தால் இது இனிய நினைவாக மட்டும் இருந்திருக்கும். ஆனால் பீப்பாக் கிணறு நல்ல தண்ணீருக்குத் திரும்பவில்லை. பள்ளத்துக் குழி ஒரு நாளைக்கு இரண்டு குடம்தான் தந்தது. அதற்குமேல் கேட்டால் அதுவும் உவர்க்கும் என்று இப்போது எனக்கும் தெரியும். ஒன்பது குடும்பத்துக்கு இரண்டு குடம் எப்படிப் போதும்? பருவம் முடிய இன்னும் ஐந்து வாரம் இருக்கும்போது, மீன் பட்டுக்கொண்டிருக்கும்போதே, வாடியைப் பிரித்தார்கள். நான் உதவிக்குப் போயிருந்தேன். ஒருவரும் என்னைக் குறை சொல்லவில்லை. சம்மாட்டிகூட வேடிக்கை எதுவும் பேசவில்லை. ஓலைகளைப் படகில் ஏற்றிவிட்டு றெஜினா என்னிடம் வந்தார்.

“ஐயா பெரிய கந்தோருக்கு அறிக்கை எழுதுவீங்கள்தானே?”

“ஓம், அக்கா.”

“பிள்ளையைக் காப்பாத்தினதையும் எழுதுங்கோ. கிணத்தைக் கெடுத்ததையும் எழுதுங்கோ. ஒண்டை மட்டும் எழுதிப்போடாதையுங்கோ.”

முதலாவதை விரிவாகவும் இரண்டாவதை ஒரு வரியாகவும் எழுதிக்கொண்டுபோய் டொக்டரின் மேசையில் வைத்தேன். வழக்கம்போல் வாசித்தார். ஓரிடத்தில் பென்சில் நின்றது.

“‘மூடநம்பிக்கை காரணமாக மக்கள் ஒத்துழைக்கத் தயங்கினர்.’ இது எப்ப எழுதினது?”

“முதல் நாள். குறிப்பேட்டில இருந்தது. அப்பிடியே பெயர்த்திட்டன்.”

“அவ சொன்னது பிழையோ?”

“இல்லை, டொக்டர்.”

“அப்ப இந்தச் சொல்லை எங்க வைக்கப்போறீர்?”

அறிக்கையை என் பக்கம் தள்ளினார். அவர் எதிரிலேயே அமர்ந்து மறுபடி எழுதினேன். றெஜினாவின் வசனத்தை அவர் சொன்ன சொற்களிலேயே முதல் பக்கத்தில் வைத்தேன். அதன் கீழ், அது ஏன் சரி என்பதற்கான விளக்கத்தை எழுதினேன். அதற்கும் கீழ், நான் செய்தது என்ன, அதனால் யாருக்கு என்ன இழப்பு என்பதை எழுதினேன். டொக்டர் கையெழுத்திட்டு, ஒரு பிரதியைத் தன் அலுமாரியில் வைத்துக்கொண்டார். தண்டனை எதுவும் வரவில்லை.

மூன்று மாரி கழித்து அந்தத் திட்டுக்குப் போய்ப் பீப்பாவில் ஒரு மிடறு குடித்துப் பார்த்தேன். தண்ணீர் நன்றாக இருந்தது. பேசாலைக்காரர் அதற்குள் வேறு கரைக்குப் பழகிவிட்டார்கள்.

அந்த ஆண்டிலிருந்து எங்கள் பிரிவில் கரையோர மணற்கிணறுகளை அடிவரை இறைப்பதும் ஆழமாக்குவதும் நிறுத்தப்பட்டன. மேலாக அள்ளி, அள்ளிய பாத்திரத்திலேயே மருந்திடும் முறை வந்தது. கிணற்றுப் பரிசோதனைப் படிவத்தில் ‘இக்கிணற்றில் அள்ளுபவர் கூறியது’ என்று ஒரு பகுதி சேர்க்கப்பட்டது. அந்தப் பகுதி வெறுமையாக இருந்த எந்தப் படிவத்திலும், ஓய்வுபெறும் நாள்வரை, நான் கையெழுத்திடவில்லை.